வாணிபமும் வல்லமையும்

இரண்டு தேசங்கள் தமக்குள் சரக்குகளை மாற்றிக்கொள்ளும்போது இரண்டும் லாபமடைகின்றன என்பது பொருளாதார சாஸ்திரத்தின் பாலபாடம். இதில் பொய் ஒன்றுமில்லை. லாபம் இல்லாவிட்டால் எவரும் கடல் தாண்டிச் சரக்கு அனுப்பமாட்டார்கள். ஆனால் பாலபாடத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டவர்கள் கேளாமல் விட்டுவிட்ட கேள்வி ஒன்று உண்டு. நாளைக்கே அந்த வாணிபம் நின்றுபோனால், இருவரில் யாருக்கு அதிகக் கஷ்டம்?

நெசவாளி ஒருவன் ஒரே முதலாளியிடம் நூல் வாங்கி, நெய்த புடவையை அதே முதலாளியிடம் கொடுத்துக் கூலி பெறுகிறான் என்று வைத்துக்கொள்வோம். நூல் வாங்க வேறு கடை இல்லை; புடவையை விற்க வேறு சந்தை இல்லை. முதலாளிக்கோ அவனைப்போல் நூறு தறிக்காரர்கள். இருவரும் இந்த ஏற்பாட்டினால் பிழைக்கிறார்கள் என்பது மெய். ஆயினும் ஊர்ப் பஞ்சாயத்தில் முதலாளிக்கு எதிராகக் கை தூக்க வேண்டிய சமயம் வந்தால், அந்த நெசவாளியின் கை எழும்புமா? “கணக்கைத் தீர்த்துக்கொள்” என்று முதலாளி வாய் திறந்து சொல்லவேண்டியதுகூட இல்லை. சொல்லக்கூடும் என்ற நினைவே போதும்.

வாணிபத்தில் மறைந்துள்ள அரசியலை நமது தேசம் நேரில் கண்டறிந்ததுதான். 1896-ல் லங்காஷயர் ஆலை முதலாளிகளின் நிர்ப்பந்தத்துக்கு இணங்கி, இந்திய ஆலைத் துணியின் மீதே நூற்றுக்கு மூன்றரை வீதம் உள்நாட்டு வரி விதிக்கப்பட்டது. அது சட்டப்படி ஒழிவதற்கு 1926 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அங்கே சட்டம் செய்யும் அதிகாரமே அந்நியர் கையில் இருந்தது. தனிக்கொடியும், தனிச் சர்க்காரும், சொந்தப் படையும் உடைய ஒரு தேசம், தானே மனமுவந்து செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தத்தின் மூலமாகவே மற்றொரு தேசத்துக்குக் கட்டுப்பட்டுவிடக் கூடுமா? கூடும் என்பதையும், எவ்வாறு கூடும் என்பதையும், எவ்வளவு தூரம் கூடும் என்பதையும் கணக்கெடுத்துக் காட்டியவர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்னும் பேராசிரியர். 1915-ல் பிறந்து 2012-ல் காலஞ்சென்ற இவருடைய வாழ்க்கையையும் ஆராய்ச்சியையும் நமது நேயர்கள் அறிந்துகொள்வது மிகவும் பயன் தரும்.

நாடு நாடாக அலைந்த மாணவர்

ஹிர்ஷ்மன் ஜெர்மனியின் தலைநகராகிய பெர்லினில், யூத குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தகப்பனார் ரண வைத்தியர். 1933-ல் ஹிட்லர் அதிகாரத்துக்கு வந்தபோது ஹிர்ஷ்மன் பெர்லின் சர்வகலாசாலையில் மாணவராகவும், சமூக ஜனநாயகக் கட்சியின் வாலிபர் இயக்கத்தில் அங்கத்தினராகவும் இருந்தார். அவ்வாண்டு வசந்த காலத்தில் தகப்பனார் மரணமடைந்தார். அதற்குச் சில நாட்களுக்குள், பதினெட்டு வயது நிரம்பும் தறுவாயில், அவர் பாரிஸுக்குப் புறப்பட்டுப் போனார். பாரிஸில் வர்த்தகக் கல்வி. லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் ஓராண்டு. 1936-ல் ஸ்பெயின் தேசத்து உள்நாட்டு யுத்தத்தில் குடியரசின் பக்கம் சில மாதங்கள். பிறகு இத்தாலியின் ட்ரீஸ்ட் நகரம். அங்கே 1938-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் முஸோலினியின் சர்க்கார் யூதர்களுக்கு விரோதமான சட்டங்களைக் கொண்டுவரவே, மறுபடியும் மூட்டை கட்ட நேர்ந்தது.

இத்தாலியில் அவர் வெறுமனே இருந்துவிடவில்லை. அந்நிய நாணயத்தைச் சர்க்கார் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, யார் எதை எந்த தேசத்திலிருந்து வாங்கலாம் என்று தீர்மானிக்கும் முறையை அவர் நுணுகிக் கவனித்தார். 1939-ல் நடைபெற்ற ஒரு சர்வதேச மகாநாட்டுக்காக இந்த இத்தாலிய முறையைப் பற்றி அறிக்கை எழுதிக் கொடுத்தார். அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் காண்ட்லிப் என்ற பொருளாதார அறிஞர். இந்தப் பழக்கமே பிற்பாடு அவருடைய உயிரைக் காத்தது எனலாம்.

யுத்தம் மூண்டதும் ஹிர்ஷ்மன் பிரெஞ்சு ராணுவத்தில் தொண்டராகச் சேர்ந்தார். 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. ஜெர்மானியர் கையில் அகப்பட்டால் மரணம் நிச்சயம். ஆகையால் பெயரை மாற்றிக்கொண்டு மார்ஸேல்ஸ் துறைமுகத்துக்குச் சென்று, வேரியன் பிரை என்ற அமெரிக்கருடன் சேர்ந்து, ஹிட்லரின் கைக்குத் தப்பிவந்த எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் அறிஞர்களையும் ஸ்பெயின் எல்லையைக் கடத்திவிடும் வேலையில் இறங்கினார். கள்ளக் கடவுச்சீட்டுத் தேடுவதும், பணம் மாற்றுவதும், மலைப்பாதை கண்டுபிடிப்பதும் அவர் பொறுப்பு. போலீஸ் தம்மையே தேடத் தொடங்கியதும், அவ்வாண்டின் இறுதியில் பிரினீஸ் மலையை நடந்தே தாண்டி, லிஸ்பன் வழியாக 1941 ஜனவரியில் அமெரிக்கா சேர்ந்தார். காலிபோர்னியா சர்வகலாசாலையில் இருந்த காண்ட்லிப்பின் முயற்சியால் ராக்பெல்லர் தர்மஸ்தாபனத்தின் உதவிச் சம்பளம் அவருக்குக் கிடைத்திருந்தது.

இவ்வாறு எட்டு ஆண்டுகளில் நான்கு தேசங்களை விட்டு ஓடிவந்த ஒரு வாலிபர், பெர்க்லி நகரத்து நூல்நிலையத்தில் உட்கார்ந்து, சர்வதேச சங்கம் வெளியிட்ட ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குப் புஸ்தகங்களை விரித்துவைத்துக்கொண்டு ஆராயத் தொடங்கினார். “தேசிய வல்லமையும் அந்நிய வாணிபத்தின் அமைப்பும்” என்று பொருள்படும் தலைப்புடைய அவருடைய நூல் 1945-ல் வெளிவந்தது. அப்பொழுது ஆசிரியர் அமெரிக்கப் படையில் சேர்ந்து ஐரோப்பாவில் இருந்தார். அவ்வாண்டு அக்டோபரில் இத்தாலியில் ஜெர்மன் தளகர்த்தர் டோஸ்ட்லர் யுத்தக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டபோது, மொழிபெயர்ப்பாளராக நின்றவர் ஹிர்ஷ்மனே.

பல்கேரியாவின் கணக்கு

அந்த நூலில் அவர் எடுத்துக்கொண்ட பிரதான உதாரணம், தென்கிழக்கு ஐரோப்பாவில் ஜெர்மனி நடத்திய வாணிபம். 1934-ல் ஜெர்மன் பொருளாதார மந்திரி டாக்டர் ஷாக்ட் ஒரு புதிய திட்டத்தை அமுலுக்குக் கொண்டுவந்தார். பல்கேரியா, ருமேனியா, ஹங்கேரி, யூகோஸ்லாவியா முதலிய விவசாய தேசங்களோடு ஜெர்மனி தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொண்டது. உலக மந்தத்தினால் தானியத்தையும் புகையிலையையும் விற்க வழியின்றித் தவித்துக்கொண்டிருந்த அந்த தேசங்களுக்கு, ஜெர்மனி பல சந்தர்ப்பங்களில் உலகச் சந்தை விலைக்கு மேலேயே கொடுக்க முன்வந்தது. இதைவிட நல்ல வாடிக்கைக்காரர் வேறு எங்கே கிடைப்பார்?

ஆனால் கிரயத்தைப் பொன்னாகவோ, எங்கும் செல்லக்கூடிய நாணயமாகவோ ஜெர்மனி கொடுக்கவில்லை. பெர்லினில் ஒரு கணக்கில் வரவு வைத்தது. அந்த வரவைக்கொண்டு ஜெர்மன் சரக்கைத்தான் வாங்கலாம். பல்கேரியக் குடியானவனுக்கு அவனுடைய தேசத்து பாங்கியே சொந்த நாணயத்தில் பணம் கொடுத்துவிட்டது. பெர்லினிலிருந்து வரவேண்டிய பாக்கி அந்த பாங்கியின் தலையில் நின்றது. பாக்கி ஏற ஏற, கடன் கொடுத்தவன் கடன் வாங்கியவனுக்கு அஞ்சும்படியான விந்தையான நிலைமை ஏற்பட்டது. பகைத்துக்கொண்டால் பாக்கியும் போகும், வாடிக்கையும் போகும். ருமேனியாவில் ஜெர்மன் கம்பெனியொன்று, வேறு எங்கும் அவ்வளவாக விலைபோகாத சோயா மொச்சையைக் குடியானவர்களைப் பயிரிடச் செய்து, விளைச்சலைத் தானே வாங்கிக்கொண்டது. அந்தக் குடியானவன் இனி யாரை நம்பி உழுவான்?

இதன் பலனை ஹிர்ஷ்மன் இலக்கங்களிலேயே காட்டினார். 1938-ல் பல்கேரியாவின் ஏற்றுமதியில் நூற்றுக்கு 59 ஜெர்மனிக்குச் சென்றது. இறக்குமதியில் நூற்றுக்கு 52 ஜெர்மனியிலிருந்து வந்தது. அதே வாணிபம் ஜெர்மனியின் மொத்த இறக்குமதியில் நூற்றுக்கு 1.5, ஏற்றுமதியில் நூற்றுக்கு 1.1. சரக்கு ஒன்றே, கப்பல் ஒன்றே, விலையும் ஒன்றே. ஆயினும் ஒரு பக்கத்தில் அது பாதி ஜீவனம். மறு பக்கத்தில் கைச்செலவு.

இரு பலன்கள்

அந்நிய வாணிபத்துக்கு இரண்டு விதமான அரசியல் பலன்கள் உண்டு என்று ஹிர்ஷ்மன் பிரித்துக் காட்டினார். ஒன்று, யுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் வேண்டிய சரக்குகளை ஒரு தேசம் வாணிபத்தின் மூலம் சேகரித்துக்கொள்வது. இதை அரசர்களும் மந்திரிகளும் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தார்கள். மற்றொன்று, தன்னுடன் வாணிபம் செய்யும் தேசத்தைத் தன் செல்வாக்குக்குள் கொண்டுவருவது. இந்த இரண்டாவது பலனைத்தான் அறிஞர்கள் சரிவர ஆராயாமல் விட்டிருந்தார்கள்.

செல்வாக்கின் வேர் எங்கே இருக்கிறது? வாணிபத்தால் கிடைக்கும் லாபத்திலேயே இருக்கிறது என்பது அவருடைய துணிபு. ஒரு தேசம் எவ்வளவு லாபமடைகிறதோ, அவ்வளவுக்கு அது நின்றுபோகுமோ என்ற அச்சமும் வளர்கிறது. ஆகவே பிறரைக் கட்டுப்படுத்த விரும்பும் வல்லரசு கஞ்சத்தனம் செய்யாது, தாராளமாகவே கொடுக்கும். சிறிய தேசங்களாகப் பார்த்து வாணிபம் செய்யும். அவை வேறு இடத்தில் விற்க முடியாத சரக்கை வாங்கும். வேறு இடத்தில் வாங்க முடியாத சரக்கை விற்கும். சிறிய தேசத்துக்குள்ளேயே இந்த வாணிபத்தால் பிழைக்கும் ஒரு கோஷ்டியை உண்டாக்கும். ஏற்றுமதி வியாபாரிகள், நிலச்சுவான்தார்கள், துறைமுகத் தரகர்கள் ஆகியோர் தத்தம் சர்க்காரிடம் சென்று, “அந்த வல்லரசுக்கு மனவருத்தம் ஏற்படும்படி எதையும் செய்யவேண்டாம்” என்று மன்றாடுவார்கள். அந்நிய தேசத்தின் ஸ்தானாபதி சொல்லவேண்டியதைச் சொந்த தேசத்துப் பிரமுகர்களே சொல்லிவிடுவார்கள். இதற்கு ஒரு சிப்பாயும் வேண்டியதில்லை.

ஹிட்லரின் கொடுமை இல்லாவிட்டால் இது நேராது என்று எண்ணுவது பிழை என்பதையும் அவர் வற்புறுத்தினார். தேசங்கள் ஏற்றத்தாழ்வாக இருக்கும் வரையில், வாணிபத்தை நிறுத்தும் உரிமை ஒவ்வொரு சர்க்காரின் கையிலும் இருக்கும் வரையில், இந்த வல்லமை வாணிபத்தின் உடன்பிறப்பு. நல்ல சர்க்கார் அதை உபயோகிக்காமல் வைத்திருக்கலாம். இல்லாமற் செய்ய முடியாது.

அளவுகோலும் அதன் பெயரும்

கட்டுப்பாட்டின் அளவை அறிவதற்கு ஹிர்ஷ்மன் ஓர் அளவுகோலையும் வகுத்தார். ஒரு தேசத்தின் ஏற்றுமதியில் ஒவ்வொரு தேசத்துக்கும் செல்லும் பங்கை நூற்று வீதத்தில் எழுதி, ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, வர்க்கமூலம் காணவேண்டும். எல்லாச் சரக்கும் ஒரே தேசத்துக்குப் போனால் விடை 100. நான்கு தேசங்களுக்குச் சமமாகப் போனால் 50. நூறு தேசங்களுக்குச் சமமாகப் போனால் 10. பெரிய பங்கு இந்தக் கணக்கில் மேலும் பெரிதாகத் தெரியும். சிறிய பங்குகள் மறைந்துபோகும். ஒரே கடையில் கணக்கு வைத்திருப்பவனுடைய நிலைமையை இதைவிடத் தெளிவாக இலக்கத்தில் சொல்ல முடியாது.

இந்த அளவுகோலின் பிற்சரித்திரம் வேடிக்கையானது. சில ஆண்டுகள் கழித்து ஹெர்பிண்டால் என்ற மற்றோர் அறிஞர், அமெரிக்க எஃகுத் தொழிலைப் பற்றிய ஆராய்ச்சியில் வர்க்கமூலம் மட்டும் காணாமல் இதே கணக்கைக் கையாண்டார். உலகம் அவர் பெயரையே சூட்டிவிட்டது. வேறு சிலர் இத்தாலிய அறிஞர் ஒருவரின் பெயரைச் சூட்டினார்கள். 1964-ல் ஹிர்ஷ்மன் சிறு குறிப்பொன்று வெளியிட்டு, குழந்தையின் தகப்பன் யார் என்பதைச் சிரித்துக்கொண்டே தெரிவித்தார். 1982 முதல் அமெரிக்க நீதி இலாகா, பெரிய கம்பெனிகள் ஒன்றாக இணைவதைப் பரிசீலிக்கும்போது இருவர் பெயரும் இணைந்த இந்த அளவுகோலை உபயோகித்து வருகிறது. வல்லரசின் ஆதிக்கத்தை அளப்பதற்காகச் செய்த கோல், கம்பெனியின் ஏகபோகத்தை அளப்பதற்கும் உதவிற்று. இரண்டும் ஒரே வியாதி என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

தம்மையே திருத்திய ஆசிரியர்

வியாதிக்கு அவர் சொன்ன மருந்து என்ன? வாணிபத்தை நடத்தவும் நிறுத்தவும் உள்ள அதிகாரத்தைத் தனித்தனி சர்க்கார்களின் கையிலிருந்து எடுத்து, சர்வதேச ஸ்தாபனம் ஒன்றிடம் ஒப்படைக்கவேண்டும் என்று 1945-ல் எழுதினார். அது கைகூடவில்லை. ஆனால் 1946 முதல் 1952 வரையில் அமெரிக்க மத்திய பாங்கி இலாகாவில் ஐரோப்பிய புனருத்தாரண விஷயங்களைக் கவனித்துவந்தபோது, அந்தத் திசையில் ஒரு சிறு அடி வைக்கப்படுவதை அருகிலிருந்து கண்டார். 1950-ல் ஐரோப்பியப் பணப்பட்டுவாடாச் சங்கம் ஏற்பட்டது. ஒரு தேசத்திடம் பெற்ற வரவை அதே தேசத்தில்தான் செலவிடவேண்டும் என்ற விலங்கு அதனால் தகர்ந்தது. பிரான்ஸிடம் உள்ள வரவு பெல்ஜியத்துக் கடனுக்கு ஈடாயிற்று. ஷாக்டின் பெர்லின் கணக்குக்கு இது நேர்மாறான ஏற்பாடு.

1952-ல் அவர் தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா தேசத்துக்குப் போய், முதலில் சர்க்காரின் திட்டக் குழுவுக்கு ஆலோசகராகவும், பிறகு சுயேச்சையாகவும் நான்காண்டுகள் பணியாற்றினார். ஏழை தேசங்கள் தமக்குப் புத்தி சொல்ல வந்தவர்கள் எண்ணுவதைவிட அதிகச் சாமர்த்தியம் உடையவை என்ற எண்ணம் அங்கே அவருக்கு உறுதிப்பட்டது. அந்த அநுபவத்தின் பயனாகப் பொருளாதார அபிவிருத்தி பற்றிய நூலை 1958-ல் வெளியிட்டார். பின்னர் யேல், கொலம்பியா, ஹார்வர்ட் சர்வகலாசாலைகளிலும், 1974 முதல் பிரின்ஸ்டன் உயர்தர ஆராய்ச்சி நிலையத்திலும் ஆசிரியராக விளங்கினார்.

இதற்கிடையில் அவருடைய பழைய நூல் ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்தது. 1970-க்குப் பிறகு, வல்லரசுகளைச் சார்ந்து நிற்கும் தேசங்களின் நிலைமையைப் பற்றித் தென் அமெரிக்காவில் பெரும் விவாதம் எழுந்தபோது அதை மறுபடியும் எடுத்துப் படித்தார்கள். தமது கொள்கை வென்றது என்று ஆசிரியர் களித்திருக்கலாம். அவர் செய்தது வேறு. 1978-ல் எழுதிய கட்டுரையில் தம்முடைய வாலிபகால நூலையே கண்டித்தார். சர்வதேச ஸ்தாபனம் வந்து காப்பாற்றும் என்று தாம் எதிர்பார்த்தது மிகவும் வெள்ளை உள்ளத்தோடு சொன்ன யோசனை என்றார். அதைவிட முக்கியமாக, ஏற்றத்தாழ்வு என்றைக்கும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் என்று கருதியதும் பிழை என்றார்.

காரணம் எளியது. வல்லரசுக்கு அந்த வாணிபம் நூற்றில் ஒரு பங்கு. ஆகையால் அதன் கவனமும் நூற்றில் ஒரு பங்கு. சிறிய தேசத்துக்கோ அதுவே பாதி ஜீவனம். ஆகையால் அதன் முழுக்கவனமும் அங்கேயே இருக்கும். பெரியவன் பல வேலைகளில் மனத்தைச் சிதறவிடும்போது, சிறியவன் இரவும் பகலும் தப்பும் வழியைத் தேடுகிறான். செல்வத்தில் உள்ள ஏற்றத்தாழ்வுக்கு எதிராகக் கவனத்தில் உள்ள ஏற்றத்தாழ்வு நிற்கிறது. சரித்திரமும் இதை மறுக்கவில்லை. ஜெர்மன் வாணிபத்தில் மூழ்கியிருந்த யூகோஸ்லாவியாவில், 1941 மார்ச்சு 25-ல் ஹிட்லரோடு உடன்படிக்கை செய்த சர்க்கார் இரண்டே நாட்களில் கவிழ்க்கப்பட்டது. நூற்றுக்கு 59 விற்ற பல்கேரியா ஜெர்மனியின் கட்சியில் சேர்ந்தது உண்மை. ஆயினும் ருஷியாவின் மீது அது யுத்தப் பிரகடனம் செய்யவே இல்லை.

நமக்கு என்ன?

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியுமா? 2025 ஏப்ரலில் சீன சர்க்கார் சில அருமண் உலோகங்களின் ஏற்றுமதிக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமென்று விதித்தது. விலைமதிப்பில் சொற்பமான அந்தச் சரக்குக்காகப் பல தேசங்களின் மோட்டார்த் தொழிற்சாலைகள் கலங்கின. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க சர்க்கார், ருஷிய எண்ணெய் வாங்குவதைக் காரணமாகக் காட்டி, மருந்து, செல்பேசி போன்ற சில நீங்கலாக இந்தியச் சரக்குகளின் மீது சுங்கவரியை நூற்றுக்கு 50 ஆக உயர்த்தியது. எண்ணெய் வாங்கிய விஷயத்துக்கும் திருப்பூர்ப் பின்னலாடைக்கும் என்ன சம்பந்தம்? பனியன் தைக்கும் பெண்ணுக்கு ருஷிய எண்ணெயைப் பற்றி யாதொன்றும் தெரியாது. ஆயினும் ஆர்டர்கள் நின்றது அவள் வேலை செய்யும் கூடத்தில்தான். அக்காலத்தில் இந்தியாவின் சரக்கு ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குச் சென்றது. அமெரிக்காவின் மொத்த இறக்குமதியில் அது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. பல்கேரியாவின் கணக்கை அறிந்தவர்களுக்கு இந்த இலக்கங்கள் வியப்பளிக்கமாட்டா.

ஆகையால் கதவை அடைத்துக்கொண்டு அந்நிய வாணிபமே வேண்டாம் என்று இருந்துவிடலாமா என்றால், ஹிர்ஷ்மன் அப்படிச் சொல்லவில்லை, நாமும் சொல்லமாட்டோம். திருப்பூரில் லட்சக்கணக்கானவர்கள் உலை வைப்பது அந்த வாணிபத்தினால்தான். அவருடைய ஆராய்ச்சியிலிருந்து நாம் பெறும் பாடம் வேறு. ஒரு வர்த்தக ஒப்பந்தம் வரும்போது எவ்வளவு லாபம் என்று கேட்பது வியாபாரியின் கடமை. அது நின்றுபோனால் எவ்வளவு நஷ்டம், வேறு வாசல் எத்தனை, அந்த வாசல்களைத் திறந்து வைக்க ஆகும் செலவு என்ன என்று கேட்பது சர்க்காரின் கடமை. சந்தைகளைப் பெருக்குவதற்கு ஆகும் செலவை நஷ்டக் கணக்கில் எழுதுவது தவறு. அது சுதந்திரத்துக்குக் கொடுக்கும் காப்புப் பணம்.

இரண்டாவது பாடம் அதைவிடப் பெரியது. சிறியவனுடைய ஆயுதம் அவனுடைய கவனம். லங்காஷயர் தன் நலத்தைக் கவனித்ததைவிட அதிகக் கவனத்தோடு நம் முன்னோர்கள் அந்த மூன்றரை வீத வரியின் கணக்கை ஆராய்ந்தார்கள். ஆகையினாலேயே அதை வெல்ல முடிந்தது. இன்று எந்த தேசத்திடம் நாம் எதை, எவ்வளவு, வேறு வழியின்றி வாங்குகிறோம் என்பதையும், எந்த ஊரின் எந்தத் தொழில் எந்த ஒரே வாடிக்கையை நம்பி நிற்கிறது என்பதையும் நமது சர்வகலாசாலைகளிலும் வர்த்தக சங்கங்களிலும் இலக்கம் இலக்கமாக எழுதி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? ஹிட்லரிடமிருந்து தப்பிய ஒரு வாலிபர், அந்நிய நாட்டு நூல்நிலையத்தில் அமர்ந்து, பல்கேரியாவுக்காக அந்தக் கணக்கை எழுதினார். பல்கேரியா அதை உரிய காலத்தில் தானே எழுதிப் பார்த்திருக்குமானால் எவ்வளவு நன்மையாக இருந்திருக்கும்! நமது கணக்கை நாம் எழுதவேண்டும். நெருக்கடி வருவதற்கு முன்பே எழுதவேண்டும்.